ஓடிட்டு இருக்கும்போதே இழுவை விடுற போட் எஞ்சின்: டேங்குல இருந்த கோளாறுக்கு பம்ப்பைக் கழட்டுன கதை

கம்ப்ளைன்ட் என்னன்னா, எஞ்சின் நிக்காது, ஆனா இழுக்காது. தூத்துக்குடி ஃபிஷிங் ஹார்பர்ல ஒரு டிராலர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற இன்லைன் பம்ப்பு, எலக்ட்ரானிக் சமாச்சாரம் ஒண்ணுமே இல்லாத பழைய டைப். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு கடலுக்கு இறங்குன புதுசுல நல்லாத்தான் ஓடிருக்கு. அப்புறம் மடின்னு சொல்ற டிரால் வலையைப் போட்டு இழுத்துட்டு இருக்கும்போது 1500ல நிக்குற ஆர்பிஎம் மெல்ல மெல்ல இறங்கி 1000, 900னு வந்துரும், ஆக்சிலேட்டரை எவ்வளவு தள்ளுனாலும் ஏறாது, கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு, ஹேண்ட் பம்ப்பை நாலு குத்து குத்துனா திரும்ப எந்திரிச்சு பழையபடி ஓடும். ஒரு நாள் நாலு தடவ வரும், அடுத்த நாள் ஒண்ணுமே வராது. இப்படி வந்துட்டு வந்துட்டு போற கோளாறுதான் மெக்கானிக்குக்கு பெரிய தலைவலி, நிரந்தரமா செத்துப்போன எஞ்சினைக்கூட மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சுரலாம்.

எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த எஞ்சின்ல பெரிய வேலையெல்லாம் நடந்து முடிஞ்சிருந்துச்சு. முதல்ல ரெண்டு டீசல் ஃபில்டரையும் மாத்திருக்காங்க, ரெண்டு மூணு நாள் நல்லா ஓடிருக்கு, திரும்ப வந்துருக்கு. அப்புறம் சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில் ஆறையும் புதுசு போட்டுருக்காங்க, அதுவும் ரெண்டு மூணு நாள். கடைசியா பம்ப்பையே கழட்டி காலிபிரேஷனுக்கு அனுப்பி, எலிமென்ட் மாத்தி, டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி, ரிப்போர்ட்டோட வாங்கி மாட்டிருக்காங்க, இந்தத் தடவ ஒரு வாரம் நல்லா ஓடிருக்கு, முதலாளி சாமிக்கு தேங்காய்கூட உடைச்சுட்டாரு, அதுக்கப்புறம் மறுபடியும் அதே கத. போட்டு தொழிலுக்குப் போகாத நாள் நஷ்டத்தை விட்டுருங்க, பம்ப்பு நாசில் செலவே நல்ல ஒரு தொகை.

இங்க கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு வேலைக்கு அப்புறமும் எஞ்சின் கொஞ்ச நாள் நல்லா ஓடுனதுதான். அது மெக்கானிக் கைராசி இல்ல. ஒவ்வொரு வேலைக்கும் போட்டு ஹார்பர் ஜெட்டியில ஒண்ணு ரெண்டு நாள் அசையாம நிக்குது, டேங்குல கலங்குனதெல்லாம் அடியில படியுது, வேலை முடிஞ்சதும் முதலாளி சந்தோஷமா டேங்கை ஃபுல் பண்ணி அனுப்புறாரு. கோளாறு ஓஞ்சு படுத்ததுக்கு யார் கடைசியா ஸ்பேனர் பிடிச்சாங்களோ அவங்களுக்கு பேர் போயிருது. அதனால இந்த மாதிரி கேசுல நான் ஒரே ஒரு சட்டம்தான் வச்சுருக்கேன், கோளாறை நான் நினைச்ச நேரம் வரவச்சுக் காட்டணும், அதே கையோட போகவச்சும் காட்டணும், ரெண்டும் முடியுற வரைக்கும் எந்த பார்ட்டுக்கும் பில் எழுதக்கூடாது.

முதல்ல டிரைவர்கிட்ட உக்காந்து பேசுனோம், முதலாளிகிட்ட இல்ல. முதலாளி சொல்றது பில்லு கணக்கு, டிரைவர் சொல்றதுதான் எஞ்சின் கணக்கு. போகும்போது வருதா வரும்போது வருதான்னு கேட்டதும் அவரு யோசிக்காம சொன்னாரு, "போகும்போது வராதுண்ணே, வரும்போதுதான் படுத்தும். கச்சான், அதான் மேக்காத்து, எதுக்க அடிக்குதுல்ல, போட்டு தலைய தூக்கித் தூக்கிப் போடும், அந்நேரம் பாத்து செத்துரும்." டேங்குல டீசல் எவ்வளவு இருக்கும்னு கேட்டா, பாதிக்கு கீழதான்ங்குறாரு. மடி இழுக்கும்போது வர்றதும் மத்தியானத்துக்கு மேலதான், காலைல முதல் இழுப்புல வர்றதே இல்லையாம். புகை எப்படி இருக்கும்னு கேட்டோம், கொஞ்சம் யோசிச்சுட்டு, "புகையே இருக்காதே, சுத்தமா இருக்கும்"னாரு. இந்த ஒரு பதில்தான் பாதி கேஸை முடிச்சுது.

ஏன்னா பழைய டைப் டீசல் எஞ்சின்ல கவர்னர்னு ஒண்ணு இருக்கு, ஆர்பிஎம் இறங்குனா அது தானாவே பம்ப்பு ராக்கை, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்குற தண்டை, முழுசா தள்ளி டீசலைக் கூட்டும். ப்ரொப்பெல்லர்ல கயிறு சுத்திருந்தாலோ, அடிப்பக்கம் சிப்பி பிடிச்சிருந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலோ, ராக்கு தள்ளுன டீசல் முழுசா எரிய காத்து பத்தாம கன்னங்கரேல்னு புகை கக்கும், சைலன்சர் சூடும் ஏறும். இங்க ஆர்பிஎம் இறங்குது, ராக்கு ஃபுல்லுக்குப் போயிருக்கும், ஆனா கரும்புகை இல்ல. அப்ப ராக்கு கேட்ட டீசல் பம்ப்புக்குள்ளயே வரலைன்னு அர்த்தம். நாசிலும் பம்ப்பும் அதுங்களுக்கு வர்ற டீசலைத்தானே அடிக்க முடியும், வராததை எங்கருந்து அடிக்கும்.

மத்த சந்தேகங்களையும் சும்மா விட்டுறல, ஆனா சுருக்கமா முடிச்சுட்டோம். கியர்பாக்ஸ் கிளச்சு வழுக்குனா ஆர்பிஎம் ஏறும், போட்டு மட்டும் வேகம் குறையும், இங்க ஆர்பிஎம்மே விழுது, அதனால அது இல்ல. ஷாஃப்ட் வெளிய போற இடத்துல கடல்தண்ணி உள்ள வராம அடைக்குற ஸ்டெர்ன் கிளாண்டு டைட்டா இருந்தா கொஞ்ச நேரம் ஓடுனதும் சூடாகி ஷாஃப்டைப் பிடிக்கும், அந்தக் கோளாறும் விட்டு விட்டுத்தான் வரும், அதுக்குத் தொட்டுப் பாத்தா போதும், கை வைக்க முடியுற சூடுதான் இருந்துச்சு, தண்ணி சொட்டும் சரியா இருந்துச்சு. எஞ்சின் ரூம் மூடியை அலைத்தண்ணிக்குப் பயந்து சாத்திட்டு ஓட்டுறாங்களான்னும் பாத்தோம், சில பேரு சிரிப்பாங்க, ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, 6 லிட்டர் எஞ்சின் 1500 ஆர்பிஎம்ல ஓடுனா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 4500 லிட்டர் காத்து உறிஞ்சும், எல்லா ஓட்டையும் அடைச்சு வச்சா அது எங்க போகும் பாவம். இந்த போட்டுல மூடி திறந்துதான் இருந்துச்சு, கரும்புகையும் இல்ல. டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் ரெண்டும் ஒழுங்கா இருந்துச்சு. எஞ்சினை நிறுத்துற ஸ்டாப் கேபிள் பாதி இழுத்து நிக்குதான்னு பாத்தோம், அதுவும் இல்ல.

ஜெட்டியில கட்டிப் போட்டு நியூட்ரல்ல ரேஸ் குடுத்து பாக்குற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய இருக்கு, இந்த மாதிரி கோளாறுக்கு அது வெட்டி வேலை. 100 குதிரைத்திறன் லோடுல ஓடுற டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிஷத்துக்கு 330 மில்லி. ஐடில்ல அதுவே மணிக்கு ரெண்டு லிட்டர் சொச்சம்தான். நியூட்ரல்ல எவ்வளவு உறும விட்டாலும் லோடு இல்லாததால கொஞ்சம்தான் குடிக்கும். பாதி அடைச்ச பைப்பு வழியா ரெண்டு லிட்டர் தாராளமா வந்துரும், 20 லிட்டர் வராது. ப்ரொப்பெல்லர் கணக்கும் இதுல சேரும், ஆர்பிஎம் பாதியானா ப்ரொப்பெல்லர் கேக்குற பவர் எட்டுல ஒரு பங்காயிரும், அதனாலதான் டிரைவர் ஆக்சிலேட்டரைக் குறைச்சதும் எஞ்சின் சமத்தா ஓட ஆரம்பிக்குது. மடி இழுக்கும்போது கத வேற, ஆர்பிஎம் கொஞ்சமா இருந்தாலும் வலை பின்னாடி பிடிச்சு இழுக்குறதால முழு லோடும் எஞ்சின் தலையில. ஆக டெஸ்ட் கடல்லதான், லோடுலதான், டேங்கு பாதிக்கு கீழ இருக்கும்போதுதான்னு முடிவாச்சு. முதலாளிக்கு இதுல பெரிய வருத்தம், டீசல் செலவு யாரு குடுப்பான்னு. பம்ப்பு காலிபிரேஷன் பில்லை எடுத்துக் காட்டுனதும் அமைதியாயிட்டாரு.

முதல் டெஸ்ட் கேன் டெஸ்ட். 35 லிட்டர் கேன் ஒண்ணை நல்லா கழுவி, வடிகட்டுன டீசல் ஊத்தி, எஞ்சினுக்கு மேல அசையாம கயிறு போட்டுக் கட்டி, டேங்குலருந்து டீசலை உறிஞ்சி இன்லைன் பம்ப்புக்கு அனுப்புற ஃபீட் பம்ப்புல, டேங்குலருந்து வர்ற சக்ஷன் ஹோஸைக் கழட்டிட்டு, வேற ஒரு ஹோஸை மாட்டி இந்தக் கேன்ல விட்டோம். ரிட்டர்ன் ஹோஸையும் மறக்காம கேனுக்கே திருப்பணும், ஏன்னா ஃபீட் பம்ப்பு எஞ்சினுக்குத் தேவையானதைவிட கூடவே அனுப்பும், மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியா திரும்பி டேங்குக்குப் போயிரும், ரிட்டர்னை மாத்தலைன்னா கேன் கொஞ்ச நேரத்துல காலி, நீங்க டீசல் தீந்து நின்னதைப் பாத்து கோளாறு வந்துருச்சுன்னு குதிப்பீங்க. இது டீசலுக்கு மட்டும்தான், பெட்ரோல் எஞ்சினுக்கு எஞ்சின் ரூமுக்குள்ள இப்படித் திறந்த கேன் வச்சு வேலை பாக்கவே கூடாது. கேன்ல ஓடும்போது வேணும்னே கச்சானுக்கு எதுக்க போட்டைத் திருப்பி, ஃபுல் லோடுல, கேன் தீரத் தீர ஊத்தி ஊத்தி ஓட்டுனோம். ஒரு தடவகூட சாகல. அதோட பம்ப்பு, நாசில், ஃபில்டர், ஃபீட் பம்ப்பு எல்லாத்துக்கும் விடுதலை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல இருக்குற அந்தக் கொஞ்ச தூரத்துல.

இப்ப திரும்ப டேங்குக்கே ஹோஸை மாட்டிட்டு, ரெண்டு கேஜ் போட்டோம். ஃபீட் பம்ப்பு சக்ஷன்ல டீ ஜாயின்ட் போட்டு, உறிஞ்சுற இழுவையைக் காட்டுற ஒரு வேக்கம் கேஜ், ஃபில்டர் தாண்டி பம்ப்புக்குள்ள போற இடத்துல ஒரு பிரஷர் கேஜ். சக்ஷன் லைன்ல ஒரு முழம் கண்ணாடி மாதிரி தெரியுற டீசல் ஹோஸும் சேத்தோம், காத்து வந்தா குமிழி கண்ணுக்குத் தெரியணும்ல. இந்த மூணும் சேந்தாதான் பலன். சக்ஷன்ல வேக்கம் கூடிட்டே போனா எங்கயோ அடைப்பு. வேக்கம் கம்மியா இருந்து குமிழி ஓடிட்டே இருந்தா எங்கயோ காத்து வாங்குது. ரெண்டுமே எஞ்சினை ஒரே மாதிரிதான் சாகடிக்கும், வெளிய இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா வைத்தியம் நேர் எதிர்.

கிளம்பும்போது வேக்கம் 3 இன்ச் (பாதரச அளவு), பிரஷர் 1.2 கிலோ. இந்த மாதிரி லைனுக்கு 4 இன்ச்சுக்குள்ள இருந்தா ஆரோக்கியம், ஃபில்டர் அழுக்கானா 8 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா ஃபீட் பம்ப்பு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். முதல்ல ரொம்ப நேரம் முள்ளு அசையவே இல்ல, கூட வந்த பையன் தூங்கிட்டான். டேங்கு பாதிக்கு கீழ வந்து, போட்டைத் திருப்பி அலைக்கு எதுக்க விட்டதும் முள்ளு 5க்கு வந்துச்சு, கொஞ்சம் இறங்குச்சு, அப்புறம் 7, 9, 12னு ஏறுச்சு. அந்தப் பக்கம் பிரஷர் 0.4க்கு விழுந்துச்சு, அதே நேரத்துல எஞ்சின் சத்தம் மாறி ஆர்பிஎம் இறங்க ஆரம்பிச்சுது. கோளாறை நேருக்கு நேரா பாத்தாச்சு. வேக்கம் ரொம்ப ஏறுனப்ப கண்ணாடி ஹோஸ்ல பொடிப்பொடியா குமிழி தெரிஞ்சுது, டிரைவர் உடனே "காத்து வாங்குதுண்ணே"ன்னாரு. அது வெளிக்காத்து இல்ல. டீசல்ல கரைஞ்சிருக்குற காத்து, உறிஞ்சுற இழுவை கூடுனா இப்படித்தான் பிரிஞ்சு வெளிய வரும். வேக்கம் கேஜ் இல்லாம வெறும் குமிழியை மட்டும் பாத்து, கிளிப்பெல்லாம் மாத்தி டைட் பண்ணி நாளைக் கழிச்சவங்க நிறைய பேரு.

செத்துட்டு இருக்கும்போதே டேங்கு மூடியைத் திறக்கச் சொன்னோம். டேங்குல காத்துக்குழாய் அடைச்சிருந்தா, மூடி திறந்ததும் உஸ்ஸுன்னு காத்து உள்ள போகும், முள்ளு கீழ விழும். சத்தமும் இல்ல, முள்ளும் நகரல. அப்ப காத்துக்குழாய் குற்றவாளி இல்ல. எஞ்சினை நிறுத்துனோம், முள்ளு ஜீரோவுக்கு வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா திரும்ப 3. ஏதோ ஒண்ணு இழுவையில போய் ஒட்டுது, இழுவை நின்னதும் உதிருது. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு டேங்குக்குள்ள உறிஞ்சுற பைப்பு வாயில அடைப்பு, இன்னொண்ணு ரப்பர் ஹோஸோட உள்தோல் பிரிஞ்சு இழுவையில மடங்கி மூடிக்கிறது. ரெண்டாவது ரொம்ப மோசமான கேஸு, வெளிய இருந்து பாத்தா ஹோஸு புதுசு மாதிரி இருக்கும், டீசலுக்குன்னு இல்லாத மட்ட ஹோஸ் போட்டா இது சகஜம். பிரிச்சு அறிய ஒரே வழி, ஹோஸை டேங்கு மேல கழட்டி அதே ஹோஸைக் கேன்ல விட்டு ஓட்டுறது. ஓட்டுனோம், முள்ளு 2லயே நின்னுச்சு. ஹோஸும் தப்பிச்சுது. மிச்சம் இருந்தது டேங்கு மட்டும்தான்.

ஹார்பருக்கு வந்து டேங்கு மேன்ஹோலைத் திறந்தோம். உறிஞ்சுற பைப்பு அடியோட அடியா ஒரு விரக்கடைகூட இல்லாம நின்னுட்டு இருந்துச்சு, வாயில நல்லது பண்றேன்னு யாரோ வலைக்கம்பி சுத்திருந்தாங்க. அந்தக் கம்பி முழுக்க பழுப்பும் கருப்புமா வழுவழுன்னு ஒரு தோல். டேங்கு அடியில தண்ணி, தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல அதே தோல் துண்டு துண்டா மிதக்குது. போட்டு ஆடும்போது அதுல ஒண்ணு வந்து கம்பியில ஒட்டும், இளநி குடிக்கும்போது ஸ்ட்ராவுல வழுக்கை வந்து அடைக்குமே அதே கததான், உறிஞ்ச உறிஞ்ச இறுகும், விட்டா விழுந்துரும். ஐடில்ல விட்டா ஏன் சரியாச்சு, டேங்கு ஃபுல்லா இருந்தா ஏன் வரல, போகும்போது ஏன் வரல, எல்லாத்துக்கும் பதில் அங்கயே கிடந்துச்சு.

இந்தத் தோல் வெறும் அழுக்கு இல்ல, உயிருள்ள சாமான். டீசல்ல தானா எதுவும் முளைக்காது, ஆனா அடியில தண்ணி நின்னா அந்த எல்லையில பூஞ்சையும் பாக்டீரியாவும் குடும்பம் நடத்தும், டீசலைத் தின்னு தண்ணியில வாழும். ஹார்மோகோனிஸ் ரெசினேன்னு ஒரு பூஞ்சை இதுல பேர்போனது, விமான எரிபொருள் டேங்குலயே தொல்லை குடுத்த ஆளு. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதுவும் நல்ல வெயில் காலம். பாதி டேங்கோட போட்டைக் கட்டிப் போட்டா, பகல்ல சூடாகி ராத்திரி ஆறி, காலியா இருக்குற பாதியில இருக்குற ஈரக்காத்து வேர்த்து அடியில சொட்டும். அசைவில்லாம, கதகதன்னு, தண்ணியும் சாப்பாடும் ஒரே இடத்துல. இதைவிட வசதி எங்க கிடைக்கும் அதுக்கு. இப்ப வர்ற டீசல்தான் காரணம்னு ஹார்பர்ல ஒரு பேச்சு உண்டு, 2020 ஏப்ரல்லருந்து கந்தகத்தை 50 பிபிஎம்லருந்து 10க்குக் குறைச்சது உண்மைதான், ஆனா டேங்குல தண்ணி இல்லாட்டி எந்த டீசல்லயும் இது வளராது, அதனால முதல்ல தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்கன்னுதான் சொல்வேன்.

இந்த போட்டுல வேர்வை மட்டும் இல்ல. டெக்குல டீசல் ஊத்துற மூடியோட ஓ-ரிங்கு வெயில்ல காஞ்சு விரிசல் விட்டு, டெக்கு கழுவுற தண்ணியும் அலைத்தண்ணியும் சொட்டு சொட்டா உள்ள போயிருக்கு. டேங்கு அடியில தண்ணி எடுக்குற டிரெயின் காக்கு ஒண்ணு இருந்துச்சு, ஆனா ரெண்டு மூணு தடவ பெயின்ட் அடிச்சு அடிச்சு அது காக்குன்னே தெரியாத மாதிரி இறுகிக் கிடந்துச்சு. சின்ன போட்டுதானேன்னு நினைக்காதீங்க, பிரேயர்னு ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல், 1993 ஜனவரில நார்வேலருந்து கனடாவுக்குப் போகும்போது டெக்குல கட்டு அவுந்து உருண்ட இரும்புப் பைப்பு டீசல் டேங்கோட காத்துக்குழாயை உடைச்சு, கடல்தண்ணி டீசல்ல கலந்து, எஞ்சின் நின்னு, ஷெட்லாண்ட் தீவு பாறையில போய் மோதுச்சு, ஏறக்குறைய 85,000 டன் கச்சா எண்ணெய் கடல்ல கொட்டுச்சு. அங்க புயல்ல ஒரே அடியா போன தண்ணி இங்க சொட்டு சொட்டா போயிருக்கு.

வேலைன்னு பாத்தா, டீசலை முழுசா வெளிய பேரல்ல எடுத்து படிய விட்டு, மேல் டீசலை மட்டும் வடிகட்டி வச்சோம். டேங்குக்குள்ள ஆள் இறங்குறதுல விளையாடக்கூடாது, ப்ளோயர் போட்டு நல்லா காத்து அடிச்சு, வெளிய ஒரு ஆள் கண்ணு எடுக்காம நிக்கணும், உள்ள சாதாரண பல்பு கொண்டு போகக்கூடாது. காட்டன் வேஸ்ட் போட்டுத் துடைக்காதீங்க, நூல் நூலா விட்டுட்டு வந்து நாளைக்கு அதுவே பைப்புல போய் நிக்கும், நூல் உதிராத துணிதான். பூஞ்சையைக் கொல்லுற மருந்து கடையில கிடைக்குது, நாங்களும் ஊத்துனோம், ஆனா டேங்கைக் கழுவுன பிறகுதான். கழுவாம மருந்தை மட்டும் ஊத்துனா செத்த தோலெல்லாம் ஒரே நேரத்துல உதிர்ந்து ஃபில்டருக்கு வரும், அப்புறம் நடுக்கடல்ல ஃபில்டர் மாத்திட்டே கிடக்க வேண்டியதுதான்.

உறிஞ்சுற பைப்பு வாயில வலைக்கம்பி போடுறதுல எனக்கு சம்மதமே இல்ல. அழுக்கு எஞ்சினுக்குப் போகாம தடுக்கத்தானேன்னு கேப்பாங்க. அழுக்கைத் தடுக்க வேண்டிய இடம் கை எட்டுற இடமா இருக்கணும், மேன்ஹோல் பிரிச்சாத்தான் தெரியுற இடத்துல தடுத்தா நடுக்கடல்ல என்ன பண்ணுவீங்க. அதனால கம்பியை எடுத்துட்டு, பைப்பைக் கொஞ்சம் உயர்த்தி, வாயை நேரா இல்லாம சாய்வா வெட்டி, ஒரு துண்டு தோல் ஒட்டுனாலும் முழு வாயும் மூடாத மாதிரி வச்சோம். அதுக்குப் பதிலா எஞ்சின் பக்கத்துல தண்ணி பிரிக்கிற செப்பரேட்டர் ரெண்டு, நடுவுல மாத்துற வால்வு, ஒண்ணு அடைச்சா எஞ்சினை நிறுத்தாமலே இன்னொண்ணுக்கு மாத்தலாம். டிரெயின் காக்கு புதுசு, ஓ-ரிங்கு புதுசு. பைப்பை உயர்த்துனதால அடியில கொஞ்சம் டீசல் எப்பவும் எடுக்க முடியாம கிடக்கும், முதலாளி அதுக்கும் கணக்கு கேட்டாரு.

இதோட முடிஞ்சிருக்கும், ஆனா முடியல. டெஸ்டுக்குப் போனப்ப வேக்கம் 2.5ல நின்னுச்சு, பாதி டேங்குல, அலைக்கு எதுக்க, மடி இழுத்துப் பாத்தும் ஏறல. ஆனா அப்பப்ப எஞ்சின் சத்தம் லேசா மேலயும் கீழயும் ஆடுச்சு, ஆர்பிஎம் ஒரு ஐம்பது அறுபது ஏறி இறங்குது. முன்னாடி இருந்த பெரிய கோளாறுல இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கண்ணாடி ஹோஸ்ல பாத்தா சுத்தம், குமிழி இல்ல. அதை எடுத்து ஃபீட் பம்ப்பு தாண்டி மாட்டிப் பாத்தா குமிழி வருது. ஆக ஃபீட் பம்ப்பு சக்ஷன்ல ஹோஸைப் பம்ப்போட சேக்குற ஓட்டை போல்ட்டு, பான்ஜோ போல்ட்டும்பாங்க, அதுல காத்து வாங்குது. ஃபில்டருக்கு ஒரு தடவ, பம்ப்புக்கு ஒரு தடவன்னு கழட்டிக் கழட்டி மாட்டுனவங்க அதே காப்பர் வாசரையே திரும்பத் திரும்பப் போட்டுருக்காங்க, அது நசுங்கி இறுகிப்போச்சு. சக்ஷன் பக்கம் டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும், அதனால துடைச்சுப் பாத்தா காஞ்சு போய் சுத்தமா இருக்கும், அதை நம்பக்கூடாது. புது வாசர் போட்டதும் ஆட்டம் நின்னுச்சு. அவசரத்துக்குப் புதுசு இல்லைன்னா பழசைச் சிவக்கக் காய்ச்சி தண்ணியில போட்டா செம்பு திரும்ப மெதுவாகும், ஹார்பர்ல எல்லாரும் பண்றதுதான்.

அப்புறம் போட்டைத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்க கோளாறை வரவச்சுக் காட்டுனோம். சக்ஷன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா மூடுனா வேக்கம் 10ஐத் தாண்டுது, புகையில்லாம ஆர்பிஎம் இறங்குது, டிரைவர் இதேதான் இதேதான்னு கத்துறாரு, வால்வைத் திறந்தா எந்திரிக்குது. நாசில்காரரும் பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் பேசல.

ஃபைபர் வள்ளத்துல, பின்னாடி வெளிய மாட்டுற அவுட்போர்டு எஞ்சின் வச்சிருக்கவங்களுக்கும் இதே வியாதி வேற உருவத்துல வரும், அதையும் சொல்லிர்றேன். கை டேங்கு மூடியில இருக்குற காத்து ஸ்க்ரூவைத் திறக்க மறந்தா கரையிலருந்து கிளம்பி கொஞ்ச தூரம் நல்லா போயிட்டு அப்புறம் எஞ்சின் மூச்சு வாங்கும். அப்ப லைன்ல இருக்குற ரப்பர் பல்பைப் பாருங்க, சப்பையா ஒட்டிப்போயிருந்தா டேங்கு பக்கம் அடைப்பு இல்லைன்னா காத்துக்குழாய் மூடல், எத்தனை தடவ அமுக்குனாலும் கல்லு மாதிரி ஆகாம தொளதொளன்னு இருந்தா எங்கயோ காத்து வாங்குது இல்லைன்னா பல்புக்குள்ள இருக்குற வால்வு போயிருக்கு. சாகுற நேரத்துல பல்பை அமுக்க அமுக்க எஞ்சின் எந்திரிச்சா கோளாறு எரிபொருள் லைன்லதான், பிளக்கையும் காயிலையும் கழட்டாதீங்க. அமுக்கியும் ஒரு மாற்றமும் இல்லைன்னா அப்ப கரண்டு பக்கம் போகலாம். புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்ல தண்ணி ஓட்டம் குறைஞ்சு சூடேறுனா எஞ்சின் தானே ஆர்பிஎம்மைக் குறைச்சுக்கும், தண்ணி பீச்சுற ஓட்டையை முதல்ல பாத்துக்கோங்க.

டிராலர்ல அந்த வேக்கம் கேஜைத் திரும்ப வாங்கல, வீல்ஹவுஸ்ல டெம்பரேச்சர் கேஜ் பக்கத்துலயே மாட்டி, 5 இன்ச்சுல பச்சைப் பெயின்ட், 8ல சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு போட்டுக் குடுத்தாச்சு. பச்சை தாண்டுனா செப்பரேட்டரை மாத்து, சிவப்புன்னா ஆக்சிலேட்டரைக் குறைன்னு டிரைவர்கிட்ட சொல்லிருக்கோம். வாரம் ஒரு தடவ காலைல போட்டு ஆடுறதுக்கு முன்னாடி டிரெயின் காக்கைத் திறந்து ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாக்குறாரு. தடைக்காலத்துக்குக் கட்டும்போது டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டுக் கட்டச் சொன்னதுக்கு, ரெண்டு மாசம் அவ்வளவு காசை டேங்குல போட்டு வைக்கணுமான்னு முதலாளி இன்னும் மொனகிட்டுத்தான் இருக்காரு. கழட்டிப் போட்ட பழைய ஆறு நாசிலையும் டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், நாலு நல்லாவே அடிச்சுது, அதை எண்ணெய் தடவி ஸ்பேரா எடுத்து வச்சுக்கிட்டாரு.